நத்தையின் கழுத்தில் ஒரு காவல்

கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்றே ஒன்றுதான். மொரெனிகே அகின்டெலே அதில் தன் பெயரை எழுதிவிட்டால், ஒலோமி ஏரியில் இருக்கும் நத்தைகள் அத்தனையும் இரண்டு வருடத்துக்குள் பூண்டோடு அழிந்துபோகும். அவை அழிய வேண்டும் என்று அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் அந்தக் கரையில் இருந்திருக்க முடியாது.

நைஜீரியாவின் தென்மேற்கே, மூன்று ஓடைகளை மறித்துக் கட்டிய பழைய அணையின் பின்னால் தேங்கி நிற்பதுதான் ஒலோமி. சுற்றிலும் பதினாறு ஊர்கள். பதினாறு ஊர்ப் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள், நீந்தினார்கள், துணி அலசினார்கள். ஆறேழு வயதில் அவர்களுடைய சிறுநீர் சிவக்கத் தொடங்கும். நத்தையின் உடம்பில் வளர்ந்து வெளியே வரும் ஒரு நோய்ப்புழு, தண்ணீரில் இறங்குபவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய், வருடக்கணக்கில் இரத்தக் குழாயில் குடியிருக்கும். ஒரு காலத்தில் அதற்கு மாத்திரை இருந்தது. 2059-இல் புழு அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டது. இப்போது 2070. பள்ளிக்கூடங்களில் மாத்திரை கொடுப்பதுகூட எப்போதோ நின்றுபோயிருந்தது.

மொரெனிகேவுக்கு நாற்பத்தாறு வயது. கரையோர ஊரான இடி ஓசனில் பிறந்தவள். சிப்பி, நத்தை, தும்பியின் நீர்ப்பருவக் குஞ்சு, இரத்த நிறத்தில் நெளியும் பூச்சிப்புழு என்று, ஆற்றுக்கும் ஏரிக்கும் அடியில் ஊர்ந்து திரியும் முதுகெலும்பில்லாத உயிர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவுக்குத் தெரிந்தவர்கள் நாடு முழுக்கத் தேடினாலும் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். அவளுக்கும் ஏழு வயதில் சிறுநீர் சிவந்தது. இருபத்தொன்பதாவது வயதில் ஒரு மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி, உள்ளே முழுக்கத் தழும்பு, குழந்தைக்கு வாய்ப்பில்லை என்றார். அடுத்த வருடமே கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தத் தழும்பு எதனால் வந்தது என்று அவள் ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

அவன் கயோதே ஒலாயிங்கா. அதே ஊர், அதே வகுப்பு. அவனுடைய அக்கா போலான்லே மொரெனிகேவுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவள். முப்பத்தொரு வயதில், இதே நோய் முற்றிச் சிறுநீர்ப்பையில் புற்றாகி இறந்துபோனாள். அதற்குப் பிறகு இருபது வருடம் கயோதே வேறெந்த வேலையும் செய்யவில்லை. செய்த வேலைக்குக் ‘கடைசி முட்டை’ என்று பெயர் வைத்தான்.

“ரொம்பச் சுலபம் மொரெனிகே” என்று அவன் முதல் நாளே விளக்கியிருந்தான். “என் தொட்டியில வளர்ந்த நாலாயிரம் நத்தைய ஏரியில விடுறேன். அதுங்களோட மரபணுவுல ஒரு மாற்றம் பண்ணியிருக்கேன். வழக்கமா ஒரு குணம் பாதிக் குஞ்சுக்குத்தான் போகும். இது எல்லாக் குஞ்சுக்கும் போகும். நாலு தலைமுறை நல்லா முட்டை போடும், நல்லா பரவும். அஞ்சாவது தலைமுறை முட்டை ஒண்ணும் பொரியாது. நத்தை இல்லேன்னா புழுவுக்கு வீடு இல்ல. அவ்வளவுதான்.”

“விட்டதுக்கப்புறம் வேண்டாம்னு தோணினா?”

“திரும்ப எடுக்க முடியாது. அதுக்குத்தானே உன் கையெழுத்தைக் கேட்கிறாங்க.”

சட்டம் அப்படி. திரும்ப எடுக்க முடியாத எதையும் தண்ணீரில் விடுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீரின் அடியில் என்னென்ன வாழ்கிறது, அழியப்போகிற உயிரை நம்பி வேறு எது பிழைக்கிறது என்று ஓர் ஆய்வாளர் நேரில் பார்த்து எழுதித்தர வேண்டும். மார்ச் இருபத்தெட்டாம் தேதி நத்தைகளை விடுவதாக ஏற்பாடு. மழை தொடங்குவதற்குள் விட்டால்தான் புதுவெள்ளம் அவற்றை ஏரி முழுக்கக் கொண்டுபோகும். தவறினால் அடுத்த வருடம்தான்.

மொரெனிகே ஜனவரியிலேயே வந்து இறங்கிவிட்டாள். முப்பத்தொரு இடங்களைக் குறித்துக்கொண்டு, வலையும் தட்டும் கண்ணாடிக் குப்பிகளுமாக ஒன்பது வாரம் ஏரியைச் சலித்தாள். படகு ஓட்டியது இயா சிமி. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணை அவளுடைய மூத்த பிள்ளையின் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். இயா என்றால் அம்மா. சிமியின் அம்மாவுக்கு முப்பத்து நாலு வயது, அகன்ற தோள், எந்தக் கேள்வியையும் சுற்றி வளைக்காமல் கேட்கும் வாய்.

“நத்தையெல்லாம் செத்துட்டா என் பொண்ணுக்குச் சரியாயிடுமா, டாக்டர் மா?” என்று முதல் வாரத்திலேயே துடுப்பை நிறுத்திக் கேட்டாள். சிமிக்கு ஒன்பது வயது. இரண்டு வருடமாக அவளுடைய சிறுநீரில் இரத்தம்.

மொரெனிகே பொய் சொல்லவில்லை. “உடம்புக்குள்ள இருக்கிறது உடனே போகாது இயா சிமி. புதுசா ஏறாம இருந்தா, இருக்கிறது வயசாகித் தானா சாகும். மூணு வருஷமோ நாலு வருஷமோ ஆகும்.”

“அப்ப சீக்கிரம் எண்ணி முடிங்க” என்று இயா சிமி மறுபடி துடுப்பு வலித்தாள்.

எண்ணுவதற்கு ஒரு கருவியும் இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் போதும். அதில் வாழும் உயிர்கள் உதிர்த்த துகள்களை வைத்து இருபது நிமிடத்தில் பெயர்களை வரிசையாகக் காட்டிவிடும். ஒலோமிக்கு அது முந்நூற்று நாற்பது பெயர்களைக் காட்டியது. நத்தை போனால் பட்டினி கிடக்கும் உயிர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மீன்களுக்கு வேறு உணவு உண்டு. தும்பிக் குஞ்சுக்கும் உண்டு. இருபத்தாறு இடங்களை முடித்தபோது மொரெனிகே கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுவிட்ட மனநிலையில்தான் இருந்தாள்.

இருபத்தேழாவது இடம் எரின் ஓடை. வடகிழக்கு மூலையில் பாறைகளுக்கு நடுவே ஏரிக்குள் இறங்கும் சின்ன ஓடை அது. படகு நுழையாது. தொடை வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே நடந்தார்கள். இலைக்கு அடியில் ஒட்டியிருந்த நத்தைகளை, மற்ற இடங்களில் செய்ததுபோலவே, உயிரோடு எடுத்து ஒவ்வொன்றாகக் குப்பியில் போட்டு, இடி ஓசன் பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த ஆய்வு அறைக்குக் கொண்டுவந்தாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வைத்தால், நோய் தாங்கிய நத்தையிலிருந்து வால் முளைத்த குட்டிப் புழுக்கள் தூசிபோல வெளியே வந்து நீந்தும். ஏரியின் மற்ற பக்கங்களில் நூறு நத்தைக்கு இருபது, இருபத்தைந்து அப்படி உமிழ்ந்தன.

எரின் ஓடையின் நூறு நத்தையில் ஒன்றுகூட உமிழவில்லை.

விளக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து விளக்கை மாற்றினாள். மறுநாள் இன்னும் முந்நூறு நத்தைகள் எடுத்துவந்தாள். நானூறுக்கும் பூஜ்யம். வேறு இனமாக இருக்குமோ என்று கருவியில் கொடுத்துப் பார்த்தாள். அதே இனம்தான் என்றது. அதற்குப் பிறகுதான் ஒரு நத்தையைக் கழுவாமல், அசைக்காமல், அப்படியே நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

நத்தை மெதுவாகக் கழுத்தை நீட்டியது. ஓட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஏதோ அசைந்தது. கண்ணாடி இழைபோல ஒரு புழு, நக நுனியைவிடச் சின்னது. பக்கத்தில் இன்னொன்று. எண்ணினால் பதினொன்று. வாயைத் திறந்து திறந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. அவற்றின் வயிறு வெளியே தெரிந்தது. வயிற்றுக்குள், பாதி கரைந்த நிலையில், வால் முளைத்த குட்டி நோய்ப்புழு ஒன்று கிடந்தது.

“இயா சிமி!” என்று அவள் போட்ட சத்தத்தில், வாசலில் வலையைக் காயவைத்துக்கொண்டிருந்தவள் பதறி ஓடிவந்தாள்.

“பாம்பா?”

“இங்க வந்து குனிஞ்சு பாருங்க.”

இயா சிமி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “நத்தைக்குப் பேன் பிடிச்சிருக்கு” என்றாள்.

“பேன் இல்ல. இது அதைக் கடிக்கறதில்ல. அது மேல உட்கார்ந்து, உள்ள போற நோய்ப்புழுவையும் தின்னுது, வெளிய வர்றதையும் தின்னுது. சிமி வயித்துல இருக்குதே, அதோட குட்டியை.”

இயா சிமி நிமிர்ந்தாள். “அப்ப இது நம்ம ஆளு.”

அந்தக் கண்ணாடிப் புழுவின் பெயர் கருவியின் பட்டியலிலும் இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில். யார் இருக்கிறார்கள் என்று கருவிக்குத் தெரியும். யார் யாருடைய கழுத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. பதப்படுத்தச் சாராயத்தில் போட்டாலோ, கழுவினாலோ அது நத்தையைவிட்டு உதிர்ந்துவிடும். அதனால் ஆய்வுக்கூடங்களில் யார் கண்ணிலும் பட்டிருக்கவில்லை. மற்ற இடங்களில் அது ஏன் நத்தைமேல் இல்லை என்பதை மொரெனிகே பழைய பதிவுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஏரி முழுக்கப் படகில் போய் நத்தைக்கொல்லி மருந்து தெளித்திருக்கிறார்கள். நத்தைகள் இரண்டு வருடத்தில் மீண்டுவிட்டன. மென்மையான கண்ணாடிப் புழு மீளவில்லை. எரின் ஓடைக்குள் படகு நுழையாததால் அங்கே மட்டும் தப்பித்திருக்கிறது.

நோய் தாங்கிய ஐம்பது நத்தைகளை ஒரு பேசினில் போட்டு, ஓடை நத்தை இருபதை அதோடு சேர்த்துவிட்டாள். ஆறே நாளில் கண்ணாடிப் புழு எல்லாக் கழுத்துக்கும் ஏறிவிட்டது. வெளியே வரும் நோய்ப்புழுக்களின் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அப்படியே.

அன்று மார்ச் பத்தொன்பது. அவள் கயோதேவைக் கூப்பிட்டாள்.

அவன் இபாதான் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து காரில் மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டான். நுண்ணோக்கியில் பார்த்தான். குறிப்புகளைப் படித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

“அழகான கண்டுபிடிப்பு. வாழ்த்துகள். இப்ப கையெழுத்துப் போடு.”

“கயோதே, நத்தை போனா இது எங்க போய் உட்காரும்?”

“போகட்டுமே. நோயே இல்லாதப்ப காவல் எதுக்கு?”

“நோய் இல்லாம போகுமா? பக்கத்து ஆத்துல இருந்து ஒரு வெள்ளத்துல நத்தை திரும்பி வரும். எங்கிருந்தோ வேலைக்கு வர்ற ஒருத்தர் உடம்புல நோய்ப்புழு திரும்பி வரும். இது மட்டும் திரும்பி வராது. நாப்பது வருஷமா வரலையே.”

“வந்தா மறுபடியும் விடுவேன்.”

“மாத்திரைக்கும் அப்படித்தான் சொன்னாங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பிள்ளைகள் படித்துறையில் குதித்துக்கொண்டிருந்தார்கள். “இது வேலை செய்யும்னு உனக்கு நிச்சயமா? பேசின்ல இல்ல, ஏரியில?”

“நிச்சயம் இல்ல.”

“என்னோடது நிச்சயம். இருபது வருஷம் சோதிச்சிருக்கேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “வேற யாராவது இதைச் சொன்னா எனக்கு ஆத்திரம் வராது மொரெனிகே. நீ சொல்றே. உன்னை என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சும். என் அக்காவை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தும்.”

“தெரிஞ்சதாலதான் சொல்றேன். இதுக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. தப்பாப் பண்ணிட்டா, நம்மள மாதிரி இன்னொரு தலைமுறை.”

“நீ போய் அந்த அம்மாங்ககிட்ட சொல்லு” என்றான் அவன். “இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கோங்க, நான் ஒரு புழுவைப் பார்த்தேன்னு சொல்லு. அதை நான் பார்க்கணும்.”

“சொல்றேன்” என்றாள் மொரெனிகே.

மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்னால் இயா சிமியிடம் சொன்னாள். படகைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இயா சிமி முழுவதையும் நின்றுகொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த கயிற்றை மணலில் விசிறி அடித்தாள்.

“ஒன்பது வாரம் உங்களுக்குத் துடுப்பு வலிச்சேன் டாக்டர் மா. என் பொண்ணு காலையில அழுதுகிட்டே ஒதுங்கப் போறா. அவ சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் படகுக்கு வர்றேன். வேண்டாம்னு சொல்றதுக்கா என்னை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போக வெச்சீங்க?”

இயா சிமி விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். பதினாறு ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள், முந்நூறு பேர் இருக்கும். விழா என்று நினைத்து நல்ல துணி உடுத்தி, தலைக்குக் கட்டு கட்டிக்கொண்டு வந்திருந்த பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கயோதே கடைசியில், ஏரியை ஒட்டி நிறுத்திய தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான்.

மொரெனிகே வயதில் மூத்தவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து, எதையும் மறைக்காமல் பேசினாள். கடைசி முட்டை என்றால் என்ன, அதை விட்டால் என்ன ஆகும், ஓடையில் எதைக் கண்டாள், அது ஏன் மற்ற இடங்களில் செத்தது. அவளுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது.

பாதியில் ஒரு கிழவர் எழுந்து கத்தினார். “உனக்குப் பிள்ளையா குட்டியா? பொறுத்துக்கோங்கன்னு நீ சுலபமாச் சொல்லிடுவே!”

மொரெனிகே கையிலிருந்த தாளை மடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“எனக்குப் பிள்ளை இல்ல பாபா. ஏன் இல்லேன்னு சொல்றேன். இதோ இந்தப் படித்துறையில ஏழு வயசுல எனக்குச் சிவப்பாப் போச்சு. எங்கம்மா அது பெரியவளாகிறதுக்கு அறிகுறின்னு சொன்னாங்க. அது என் வயித்துக்குள்ள கூடு கட்டி, பிள்ளை தங்குற இடத்தைத் தழும்பாக்கிடுச்சு. என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனது அதனாலதான். இதுவரைக்கும் ஒருத்தரைத் தவிர யார்கிட்டயும் சொல்லல, வெட்கப்பட்டுக்கிட்டு. இந்த நத்தை மேல இங்க இருக்கிற யாரைவிடவும் எனக்குக் கோபம் அதிகம். கோபத்துல கையெழுத்துப் போட்டா இன்னைக்கு எனக்கு நிம்மதியா இருக்கும். ஆனா நான் பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுத என்னால முடியாது. இது உங்க ஏரி, உங்க பிள்ளைங்க. எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேளுங்க.”

முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. அது ஏன் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கத்திய கிழவர் மெதுவாக உட்கார்ந்தார்.

பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “அந்தப் பேனை வாளியில கொண்டுவர முடியுமா?”

இயா சிமி. எட்டு நாளாக அவள் படகுப் பக்கமே வந்திருக்கவில்லை.

“பேன் இல்ல...” என்று தொடங்கிய மொரெனிகே நிறுத்திக்கொண்டாள். “முடியும். ஓடை நத்தையை வாளியில எடுத்து, ஒவ்வொரு படித்துறையிலயும் கூடையில கட்டித் தொங்கவிட்டா, அது மத்த நத்தைக்கு ஏறும்.”

“எத்தனை வாளி?”

“தெரியல. ஆயிரம் இருக்கலாம்.”

“அந்த ஓடைக்குள்ள பாறை எங்க இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்” என்றாள் இயா சிமி. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து பொறுத்துக்கோன்னா என்னால முடியாது. ஏதாவது செஞ்சுக்கிட்டே பொறுக்கணும்னா முடியும். யார் யார் வர்றீங்க?”

மழைக்கு முன்னால் இருந்தது மூன்று வாரம். பதினாறு ஊர்ப் பெண்களும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கை வரை கையுறை, தொடை வரை பூட்ஸ், தலையில் வாளி. வெயில் படாமல், தண்ணீர் சூடாகாமல், நத்தையை அலசாமல் கொண்டுபோக வேண்டும் என்று மொரெனிகே ஒரு தடவைதான் சொன்னாள். நாலாம் நாள் அவள் ஒரு வாளியைக் குலுக்கி வைத்தபோது ஒரு பெண் அவளையே அதட்டினாள். கண்ணாடிப் புழுவுக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: அஷோபோதே. அவர்கள் மொழியில் வாயிற்காவலன்.

இரண்டாம் வாரம் இபாதானிலிருந்து ஒரு லாரி வந்தது. அதில் முப்பது கண்ணாடித் தொட்டிகள். ‘ஓடை நத்தைய இதுல வளர்த்தா ஓடை காலியாகாது. கயோதே’ என்று ஒரு சீட்டு. அவன் வரவில்லை.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. முதல் வெள்ளத்தில் தெற்குக் கரைக் கூடைகள் அடித்துச் செல்லப்பட்டன. மறுபடி கட்டினார்கள். ஆகஸ்டில் சிமிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, நகரத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு சிறுநீரகம் போய்விட்டது. மார்ச்சில் நத்தைகளை விட்டிருந்தாலும் ஆகஸ்டுக்குள் எதுவும் மாறியிருக்காது என்பது மொரெனிகேவுக்குத் தெரியும். தெரிந்தும் மருத்துவமனை வராந்தாவில் அவளால் இயா சிமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கணக்கு எனக்கும் புரியும் டாக்டர் மா” என்றாள் இயா சிமி. “அவளுக்கு ஏறினது ஏறினதுதான். அன்னைக்கே சொன்னீங்க. நான் வாளி தூக்கினது அவளுக்காக இல்ல. அவளுக்கு அடுத்து தண்ணியில இறங்கப்போற பிள்ளைங்களுக்காக.” கொஞ்சம் பொறுத்து, “சாப்பிட்டீங்களா?” என்றாள்.

அடுத்த வருடம் மே மாதம் கணக்கெடுப்பு. கடந்த பதினான்கு மாதங்களில் முதன்முதலாக ஏரியில் இறங்கத் தொடங்கிய சின்னப் பிள்ளைகள் பதினாறு ஊரிலுமாக நூற்றுப் பதினெட்டுப் பேர். முந்தைய வருடங்களில் இப்படி நூறு பிள்ளைகளைச் சோதித்தால் நாற்பது பேருக்காவது நோய் இருக்கும். அவர்களுடைய சிறுநீரைச் சோதிக்க மொரெனிகே பள்ளிக்கூட அறையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெண்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கயோதேவும் வந்திருந்தான். பதினான்கு மாதத்தில் அன்றுதான் முதல்முறை. இரண்டாவது நுண்ணோக்கியை அவனாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் பார்த்ததையெல்லாம் மறுபடி பார்த்தான்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைசிக் கண்ணாடித் தகட்டை வைத்தாள் மொரெனிகே.

“நாலு” என்றாள்.

“நாலுதான்” என்றான் கயோதே.

வெளியே எழுந்த கூச்சலில் மைதானத்தில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. யாரோ பாட ஆரம்பித்தார்கள். மூத்த பெண்கள் கைகோத்து ஆடத் தொடங்கினார்கள். சிமி, மெலிந்த கால்களோடு, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கைதட்டினாள். இயா சிமி மட்டும் சிரிக்காமல் கதவருகே வந்தாள்.

“நாலு பேரும் எந்த ஊரு?”

மொரெனிகே தாளைப் பார்த்தாள். “ஒசோலு. நாலுமே ஒசோலு.”

“அங்க ரெண்டு படித்துறை, நாம ஒண்ணுலதான் கூடை கட்டினோம். நான் அப்பவே சொன்னேன்.” இயா சிமி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “இன்னைக்கே போய்க் கட்டிடணும்.” வாளி எடுக்கப் போய்விட்டாள்.

அவள் போவதைப் பார்த்துக்கொண்டே கயோதேவும் மொரெனிகேவும் கரைப்பக்கம் நடந்தார்கள். படித்துறைக்குப் பக்கத்தில் அவன் நின்றான்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உன் கையெழுத்து எனக்குத் தேவைப்படவே இல்ல.”

“என்ன சொல்றே?”

“அனுமதி ஆணையில ஒரு விதிவிலக்கு இருந்தது. உயிருக்கு ஆபத்தான அவசரத்துல தலைமை விஞ்ஞானி தன் பொறுப்புல விடலாம்னு. நான்தான் கேட்டுச் சேர்க்க வெச்சேன். நீ மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு யோசிச்சு.” அவன் கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினான். “அன்னைக்கு என் வண்டி அங்க நின்னுச்சு. தண்ணியில இருந்து இருபதடி. பின்னால நாலாயிரம் நத்தையும் இருந்துச்சு. கூட்டம் உன்னையே பார்த்துக்கிட்டிருந்தது. கதவைத் திறந்து கொட்டியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

பதினான்கு மாதமாக ஏரியைத் தான் போடாத ஒரு கையெழுத்துத்தான் காப்பாற்றி வைத்திருப்பதாக மொரெனிகே நினைத்திருந்தாள்.

“ஏன் கொட்டல?”

“கதவுல கை வெச்சுட்டேன். அப்பத்தான் நீ பேசினே.” கயோதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இருபது வருஷம் இவங்களுக்காகவே உழைச்சேன். ஒரு நாள்கூட இவங்க முன்னாடி நின்னு நான் என்ன செய்யப்போறேன்னு சொன்னதில்ல. நீ உன்கிட்ட இருந்ததையெல்லாம் எடுத்து வெச்சிட்டு, கேளுங்கன்னு நின்னே. அதுக்கப்புறம் இவங்க முதுகுக்குப் பின்னால அதைக் கொட்ட எனக்குக் கை வரல.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அந்த விதிவிலக்கைப் பத்தி.”

“சொல்லியிருந்தா நீ எங்கிட்ட கெஞ்சியிருப்பே. நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி கெஞ்சி நான் பார்க்க வேண்டாம்னு நெனச்சேன்.”

அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள், பள்ளிக்கூடத்தில் விடுவதுபோல. அப்புறம் அழுகை வந்துவிட்டது.

“டாக்டர் மா!” இடுப்பளவுத் தண்ணீரில் படகைத் தள்ளிக்கொண்டிருந்த இயா சிமி கத்தினாள். “ஒசோலுக்குக் கிளம்பியாச்சு. ரெண்டு பேரும் வர்றீங்களா, இல்ல அங்கேயே நின்னு பேசிக்கிட்டிருக்கப் போறீங்களா?”

கயோதே குனிந்து காலணியைக் கழற்றினான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினான். போலான்லேவைப் புதைத்த நாளிலிருந்து அவன் கால் அந்த ஏரியில் பட்டதே இல்லை. படித்துறையின் கடைசிப் படியில் ஒரு கணம் நின்றான். பிறகு வெறுங்காலோடு தண்ணீருக்குள் இறங்கி, படகை நோக்கி நடந்தான்.